பழைய ஸ்ரூடியோவின் மூன்று பெட்டியும் ஓர் உரப்பையும்

வவுனியாவில் மாமா நடத்திய ஸ்ரூடியோ பூட்டி எட்டு வருசமாகிறது. போன மாசி மாதம் கடையை வாடகைக்குக் கொடுக்க வேண்டி வந்தபோதுதான் பின்பக்க இருட்டறையை ஒதுக்கினோம். அலுமாரியின் மேல்தட்டில் இருந்து கறுப்பு வெள்ளைப் படத்தாள் மூன்று பெட்டி இறங்கியது, ஒன்று இல்ஃபோர்ட், இரண்டு அக்ஃபா. அதற்குப் பின்னால் திறக்காத பிலிம் றோல் பதினேழு, எக்ஸ்ரே பிலிம் ஓர் உறை. நிலத்தில், மூலையில், ஓர் உரப்பை நிறைய நெகற்றிவ். எல்லாவற்றையும் மாங்குளத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சித்திரம் படித்த என் மருமகள் இதைக் கேள்விப்பட்டதும் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். இவற்றை வைத்துத் தானும் படைப்புச் செய்யவேண்டும், எங்கள் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் கூடும் பிள்ளைகளுக்கும் ஏதாவது பழக்கவேண்டும் என்பது அவள் ஆசை. உலகத்தில் இதற்கு வழிகள் பல. மாங்குளத்தில் எது சரிவரும் என்பதுதான் எங்களுக்கு முன்னால் இருந்த கேள்வி. மூன்று மாதம் செய்து பார்த்தோம். பழைய ஸ்ரூடியோப் பொருள் கைக்கு வந்து, என்ன செய்வது என்று யோசிக்கும் வேறு ஆட்களும் வன்னியில் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

படத்தாள் பழசானால் என்ன ஆகிறது என்பது முதலில் விளங்கவேண்டும். தாளின் மேலே மெல்லிய ஜெலற்றின் படலம், அதற்குள் வெள்ளி உப்பின் நுண்படிகங்கள். வெளிச்சம் பட்ட படிகம், படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பரில் கறுக்கும். படாத படிகம், படத்தை நிலைநிறுத்தும் மருந்தான ஹைப்போவில் கரைந்து போகும். வருசக்கணக்காக வெக்கையும் ஈரமும் பட்டுக்கொண்டே இருந்தால், வெளிச்சமே காணாத படிகமும் தானாகக் கறுக்கத் தொடங்கும். அந்தத் தாளில் முகப்படம் எடுத்தால் வெள்ளையாக இருக்கவேண்டிய சட்டை சாம்பலாக வரும். ஸ்ரூடியோவுக்கு அது உதவாது. அக்ஃபாவின் படப்பொருள் நிறுவனம் 2005இல் வங்குரோத்தானது, கொடாக் கறுப்பு வெள்ளைத் தாள் செய்வதையும் அதே ஆண்டில் நிறுத்தியது. ஆகவே எங்கள் அக்ஃபாப் பெட்டிகளுக்கு வயது இருபதுக்குக் குறையாது. அந்த இருபது வருசமும் தகரக் கூரைக்குக் கீழே கழிந்திருக்கின்றன. ஒழுங்கான படம் இதில் வராது. அந்த ஆசையை முதலே விட்டுவிட்டால்தான் தாளின் மற்றக் குணங்கள் கண்ணில் படும்.

நான் முதலாவதாகச் சொல்வது வெயில் அச்சை. லூமன் என்று சொல்கிறார்கள். டெவலப்பர் வேண்டாம், இருட்டறை வேண்டாம், கமரா வேண்டாம். தாளின் மேல் இலையையோ பூவையோ வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் விட்டால் தாள் தானாக நிறம் மாறும். கறுப்பு வெள்ளைத் தாளில் நிறம் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். டெவலப்பர் படாமல் வெளிச்சத்தால் மட்டும் பிரியும் வெள்ளித் துகள் மிக மிக நுண்ணியது. துகளின் பருமனுக்கு ஏற்ப ஒளி சிதறும் விதம் மாறுகிறது, அதுதான் கண்ணுக்கு ஊதாவாகவும் மண்ணிறமாகவும் தெரிகிறது.

எங்கள் முதல் தாளைக் கிணற்றுக்கட்டில் வைத்தோம். காலை பத்து மணி இருக்கும். வேலியில் நின்ற பூவரசில் ஒரு தளிர் இலை பறித்து, கழுவி, துடைக்காமலே தாளின் மேல் வைத்தாள் மருமகள். மேலே பழைய படச்சட்டத்தின் கண்ணாடி. பாலாடை நிறத்தில் இருந்த தாள் அரை நிமிடத்துக்குள் வெளிர் ஊதாவுக்கு வந்தது. ஐந்து நிமிடத்தில் கத்தரிப்பூ நிறம். பிறகு மாற்றம் மெதுவாகி, முக்கால் மணியில் ஈரச் செம்மண்ணில் சாம்பல் கொட்டியதுபோல ஒரு நிறத்தில் நின்றது. இலைக்கு அடியில் இருந்து வியர்த்து வந்த ஈரம் கண்ணாடியில் முத்து முத்தாகக் கட்டியிருந்தது. இலையை எடுத்தால் உள்ளே வெளிர் மஞ்சளில் ஓர் இதயவடிவம், அதற்குள் காம்படியில் இருந்து ஏழு நரம்பு விரிந்து போகிறது. ஈரம் பட்ட விளிம்பு முழுக்கச் செம்மஞ்சள். ஓர் எறும்பு கண்ணாடிக்குள் அகப்பட்டு ஓடிய பாதைகூட மங்கலான கோடாகத் தெரிந்தது. அந்தத் தாளை நானும் அவளும் கன நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வன்னிக்கு இது பொருந்துவதற்குக் காரணம் வெயில் மட்டும் என்று எண்ண வேண்டாம். தண்ணீர் மிகக் குறைவாகப் போதும், அதுதான் பெரிய காரணம். ஆடி, ஆவணியில் கிணறு அடி தெரிய நிற்கும் ஊர்களில், படம் கழுவ ஒரு மணி நேரம் தண்ணீரை ஓடவிடு என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்ல எனக்கு மனம் வராது. கெட்டுப்போன தாளும் இதற்கு உதவும். முதல் நாள் அவசரத்தில் ஒரு பெட்டியை லைற் வெளிச்சத்திலேயே திறந்துவிட்டேன். சாதாரண அச்சுக்கு அந்தப் பெட்டி அதோடு முடிந்த கதை. வெயில் அச்சுக்கு அதே பெட்டியின் தாள்கள் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கின்றன.

இதன் பலவீனம் நிலைக்காமை. வெளிச்சத்தில் வைத்தால் படம் தொடர்ந்து கறுத்துக்கொண்டே போகும். அதற்கு நாங்கள் மூன்று வழி பார்த்தோம். இலையை எடுத்த கையோடு ஸ்கேன் செய்து, அல்லது நிழலில் வைத்துப் போனால் படம் எடுத்து, தாளை இருட்டு உறையில் போடலாம். நிறம் அப்படியே கிடைப்பது இந்த வழியில் மட்டும்தான். ஹைப்போவில் போட்டால் படம் நிலைக்கும், ஆனால் கத்தரிப்பூ நிறம் கண் முன்னே இறங்கி வெளிறிய தேயிலைச் சாயமாகிவிடும். மூன்றாவது வழி உப்பு. 1830களில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் இங்கிலாந்தில் தன் முதல் இலைப் படங்களைக் கடும் உப்புக் கரைசலில் தோய்த்துத்தான் ஓரளவு நிறுத்தினார். ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்பதை ஜோன் ஹெர்ஷல் 1819இலேயே கண்டிருந்தாலும், அது படக்கலைக்குள் வந்தது 1839இல்தான். டால்பட்டின் வழியை நாங்கள் ஆனையிறவு உப்பில் செய்து பார்த்தோம். ஒரு லீற்றர் தண்ணீருக்குக் கால் கிலோ உப்பு, பத்து நிமிட ஊறல், பிறகு ஒரு வாளித் தண்ணீரில் அலசல். நிறம் கொஞ்சம் மங்கியது. சுவரில் வெயில் படாத பக்கம் தொங்கும் இரண்டு தாள்கள் இரண்டு மாதமாக அதிகம் மாறவில்லை. நிரந்தரம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகளின் கைக்கு உப்பைக் கொடுக்கலாம், ஹைப்போவை யோசித்துத்தான் கொடுக்கவேண்டும்.

அடுத்தது கெமிகிராம். இதில் மருமகளுக்கும் எனக்கும் சண்டையே வந்தது. தாளின் மேல் கியூட்டெக்ஸ், தேன், எண்ணெய், மெழுகு என்று ஏதாவது தடுக்கும் பொருளைப் பூசி, டெவலப்பருக்குள்ளும் ஹைப்போவுக்குள்ளும் மாறி மாறித் தோய்ப்பது. டெவலப்பர் முதலில் தொட்ட இடம் கறுக்கும், ஹைப்போ முதலில் தொட்ட இடம் வெளுக்கும். பூச்சு மெல்ல மெல்லக் கரையக் கரைய, குளத்தில் நீர் வற்றிய கோடுகள்போல வரி வரியாக விழும். பட்டப்பகலில் செய்யலாம். பெல்ஜியக் கலைஞர் பியர் கோர்டியே 1956 நவம்பர் 10ஆம் திகதி ஒரு படத்தாளில் நகப்பூச்சால் வாழ்த்து எழுதப்போய் இதைக் கண்டுபிடித்து, பிறகு வாழ்நாள் முழுக்க இதையே செய்தார்.

வரும் உருவங்கள் அபாரமானவை. சீனிப்பாகில் மருமகள் செய்த ஒரு தாளைப் பார்த்த எவரும் இரணைமடுக் குளத்தை ஆகாயத்தில் இருந்து எடுத்த படம் என்றுதான் சொன்னார்கள். காட்டுத்தேன் இன்னும் நல்ல வரி தருகிறது, ஆனாலும் தேனை இதற்குச் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை, பாகு போதும்.

சண்டை மருந்தைப் பற்றியது. டெவலப்பரில் உள்ள மெற்றோல் சிலருக்குத் தோலில் கடியும் வெடிப்பும் உண்டாக்கும், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. அதைவிடப் பெரியது, பாவித்த ஹைப்போ எங்கே போகிறது என்பது. அதில் கரைந்த வெள்ளி இருக்கிறது. நகரத்து வீட்டில் கழிவுக்குழாய் என்று ஒன்று இருக்கும். இங்கே குடிக்கிற கிணற்றில் இருந்து இருபது அடியில்தான் நாங்கள் தண்ணீர் ஊற்றுகிறோம். கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம். பாவித்த ஹைப்போவைப் பிளாஸ்ரிக் வாளியில் சேர்த்து, சட்டி தேய்க்கும் இரும்புக் கம்பிப் பஞ்சை அதற்குள் இரண்டொரு நாள் போட்டுவைத்தால் இரும்பு கரைந்து வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றைப் போத்தலில் அடைத்து வைத்திருக்கிறோம். மேல் தண்ணீரையும் மண்ணில் ஊற்றுவதில்லை, பரந்த தட்டில் வெயிலில் வற்றவிடுகிறோம். இவ்வளவு பாட்டையும் படத் தயாரான ஒருவர் தன் சொந்தப் படைப்புக்காகச் செய்யலாம். இருபது பிள்ளைகளோடு செய்யக்கூடாது என்பது என் முடிவு, மருமகளும் பிறகு ஒத்துக்கொண்டாள்.

தாளை எதுவும் செய்யாமல் டெவலப்பரில் மட்டும் போட்டு எடுப்பது இன்னொரு வழி. அமெரிக்கக் கலைஞர் அலிசன் ரொசிட்டர் 2007 முதல் இதைத்தான் செய்கிறார். 1946இல் காலாவதியான ஒரு பெட்டி கொடாக் தாளில் தொடங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசித் தாள்கள் வரை தேடிப் பிடித்திருக்கிறார். தாளுக்கு வந்து சேர்ந்த ஈரம், பூஞ்சணம், பெட்டியின் இடுக்கால் புகுந்த வெளிச்சம், எல்லாம் அதிலேயே தெரியும். இல்ஃபோர்ட் பெட்டியின் மேல் தாளை நாங்கள் அப்படிப் போட்டோம். நாலு ஓரமும் கரிய பட்டை, நடுவில் மழைமேகம்போலச் சாம்பல். வலது கீழ் மூலையில், அகலமான ஒரு பெருவிரல் ரேகை. பெட்டியைக் கடைசியாகத் திறந்து ஒரு தாளை எடுத்து, மிச்சத்தைத் தட்டி அடுக்கி மூடிய கை. அந்த இருட்டறைக்குள் மாமாவைத் தவிர வேறு யாரும் போனதில்லை. அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தன் பெருவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "சட்டம் போட்டுத் தாடா" என்றார். பெட்டிக்கு ஒரு தாளாவது இப்படிப் போட்டுப் பாருங்கள். முழுப் பெட்டியையும் இதற்குச் செலவிடத் தேவையில்லை.

பிலிம் றோல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். உறையில் 2004, 2006 என்று திகதி இருக்கிறது. பத்து வருசப் பழசுக்கு ஒரு ஸ்ரொப் கூடுதல் வெளிச்சம், அதாவது இரு மடங்கு, என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. அதன்படி 100 வேகப் பிலிமை 25 என்று வைத்து எடுத்தோம். கலர் றோல் கழுவச் சரியாக 38 பாகைச் சூட்டில் தனி மருந்து வேண்டும், இங்கே அது கிடைக்காது. கலர் றோலையும் கறுப்பு வெள்ளையாகக் கோப்பியில் கழுவலாம். 1995இல் அமெரிக்காவின் றொச்செஸ்ரர் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் ஸ்கொற் வில்லியம்சும் மாணவர்களும் தொடக்கிவைத்த முறை அது. ஒரு லீற்றருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், விற்றமின் சி 16 கிராம், மலிவான உடனடிக் கோப்பித் தூள் 40 கிராம், 20 பாகையில் கால் மணி நேரம். இந்த 20 பாகைதான் இங்கே இல்லாத பொருள். வாளித் தண்ணீரே 29, 30இல் நிற்கும். முதல் றோலை அந்தச் சூட்டிலேயே கழுவினேன். கடைசி அலசலில் ஜெலற்றின் இளகி, பாலாடைபோலச் சுருங்கி, பிலிமை விட்டுக் கழன்று தண்ணீரில் மிதந்தது. முப்பத்தாறு படமும் போயிற்று. பிறகு பெட்டியில் ஐஸ் வாங்கி, கடைசி அலசல் தண்ணீர் வரைக்கும் ஒரே குளிரில் வைத்துக் கழுவினோம், படம் வந்தது. மணல் மணலாக, மூட்டமாக, ஆனால் வந்தது. இயங்கும் பழைய கமராவும் பொறுமையும் உள்ளவர் எடுக்கலாம். திரும்ப வராத நாளை, ஒரு கலியாணத்தையோ அந்தியேட்டியையோ இதில் மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

எக்ஸ்ரே உறைக்குள் இருந்தவை எல்லாம் யாரோ எடுத்து முடித்த படங்கள், மூலையில் பெயரும் வயதும் இருந்தன. 2019 டிசெம்பர் 26 சூரிய கிரகணத்தன்று இப்படிப்பட்ட பிலிமைக் கண்ணில் பிடித்துப் பார்த்தவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அது கண்ணைக் காக்காது, பிள்ளைகளுக்கு அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பெயர் உள்ளவற்றைக் கலைக்கு எடுப்பதா என்பதற்கு என் பதில், அடுத்து நெகற்றிவுக்குச் சொல்லப்போகும் பதில்தான்.

உரப்பையை அவிழ்த்த அன்று மருமகள் ஒரு கைநிறைய அள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "மாமா, உதுகளை வெட்டி, கண்ணாடியில அடுக்கி ஒட்டினா என்ன வடிவா இருக்கும் தெரியுமோ" என்று என்னிடம் சொன்னாள். உண்மைதான். நெகற்றிவை வெட்டித் திரைச்சீலை செய்கிறார்கள், விளக்குமூடி செய்கிறார்கள், வெளிச்சம் ஊடுருவும்போது அழகாகத்தான் இருக்கும். ஐரோப்பியச் சந்தையில் கிலோக் கணக்கில் வாங்கிய நெகற்றிவுக்கு அது சரியாக இருக்கலாம்.

இந்தப் பையில் இருப்பவை என்ன? வவுனியாவில் பாஸ் என்ற அனுமதிச்சீட்டு இல்லாமல் தங்கமுடியாத போர்க்காலத்தில், வன்னிக்குள் இருந்து வந்தவர்கள் முதலில் தேடியது படம் எடுக்கும் இடத்தைத்தான். பாஸுக்கு, அடையாள அட்டைக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று வரிசையில் நின்று மாமாவின் வாங்கில் இருந்து எழும்பிப் போன முகங்கள் இவை. அவர்களில் பலர் திரும்ப உள்ளே போனார்கள். 2008இலும் 2009இலும் கிளிநொச்சியில் இருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வோர் இடமாக நகர்ந்தவர்கள் அல்பத்தை முதலில் பெட்டியில் கொண்டுபோனார்கள், பிறகு பையில், பிறகு பங்கருக்குள் விட்டுவிட்டு எழும்பினார்கள். என் வீட்டு அல்பமும் அப்படித்தான் போனது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தெருவோரம் இருக்கத் தொடங்கியபோது, அவர்கள் கையில் ஏந்திய படங்களை அருகில் போய்ப் பார்த்திருக்கிறேன். சின்ன அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து, மூக்கும் வாயும் கரைந்துபோன படங்கள் அவற்றில் உண்டு. அப்படி ஒரு முகத்தின் தெளிவான மூலம் இந்த உரப்பைக்குள் இருக்கலாம்.

மருமகளிடம் இதையெல்லாம் நான் விரித்துச் சொல்லவில்லை. ஒரு கீற்றை எடுத்து, அவளுடைய போனில் வெள்ளைத் திரையை வைத்து அதன் மேல் போட்டு, என் போனால் எடுத்து, நிறத்தைத் திருப்பிக் காட்டினேன். வெள்ளை முடியும் கறுத்த பல்லுமாக இருந்த உருவம் திரும்பியபோது இரட்டைப் பின்னலில் ஒரு பிள்ளை, பன்னிரண்டு வயது இருக்கும், கழுத்தில் கறுப்பு நூல், சட்டைக் கொலரின் ஒரு முனை உள்ளே மடிந்திருந்தது. மருமகள் கத்தரிக்கோலை மேசைக்கு அடியில் வைத்தாள்.

ஆகவே எங்கள் தீர்ப்பு இப்படி விழுந்தது. வெறும் தாளை எவர் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் செய்யலாம், அதில் இன்னும் யாரும் வரவில்லை. முகம் விழுந்த பிலிமில் கத்தி படக்கூடாது. பிரதி எடுத்து, ஆளையோ உறவையோ கண்டுபிடித்து, அவர்கள் சம்மதித்தால் அந்தப் பிரதியில் இருந்து படைப்புச் செய்யலாம். அப்போதும் நானென்றால் மங்கிப்போகும் வெயில் அச்சில் ஒரு முகத்தைப் போடமாட்டேன். காணாமல் போன மகன் சுவரில் இரண்டாம் முறை மங்கிப்போவதை ஒரு தாய் பார்க்கவேண்டியதில்லை. ஹைப்போவில் நன்றாக நிறுத்தி, நன்றாக அலசிய அச்சாக இருக்கட்டும்.

நெகற்றிவைக் காப்பதற்கும் இந்த வெக்கையில் அவசரம் உண்டு. அசற்றேற் என்ற பிளாஸ்ரிக்கில் செய்த பிலிம் கெடத் தொடங்கினால் வினாகிரி மணம் வரும், அந்த மணம் உள்ளதை மற்றவற்றோடு வைத்தால் அவையும் விரைவில் கெடும். எங்கள் பையில் பதினொரு கீற்று அப்படி இருந்தது. அவற்றைப் பிரித்து முதலில் பிரதி எடுத்தோம். மற்றவற்றைப் பொலித்தீனில் இருந்து எடுத்துச் சாதாரணக் கடிதாசி உறைகளில் போட்டு, நிலத்தில் இருந்து உயரமாக, தகரம் சுடாத அறையில் வைத்திருக்கிறோம். மாரி தொடங்கினால் ஈரமும் பூஞ்சணமும் வரும், அதற்குள் ஒரு சுற்று முடிக்கவேண்டும்.

இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகள் கிணற்றுக்கட்டில் இலை அடுக்குகிறார்கள். சென்ற வாரம் ஒரு பெடியன் பாலைப்பழக் கொட்டைகளை வட்டமாக வைத்து அச்செடுத்தான், இன்னொருத்தி தன் அம்மாவின் பின்னல் சரிகைத் துண்டைக் கொண்டுவந்தாள். அக்ஃபாப் பெட்டி ஒன்று முடியப்போகிறது. மருமகள் தன் கெமிகிராம்களுக்கு இல்ஃபோர்ட் பெட்டியை எடுத்துக்கொண்டாள். றோல்களில் நாலு பாவித்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் நானும் வவுனியாவுக்குப் போய், திருப்பிய படங்களை மாமாவுக்குக் காட்டுகிறோம். அவருக்கு எண்பத்தொரு வயது, கண் மங்கல், போனைப் பெருப்பித்து முகத்துக்குக் கிட்டப் பிடிக்கவேண்டும். பாதிக்கு மேல் தெரியாது என்பார். சிலதுக்கு நிமிர்ந்து இருந்து, "இவர் நெடுங்கேணி, நெல்லுச் சில்லறை வியாபாரம், காசு பிறகு தாறன் எண்டு போனவர், அடுத்த மாசம் வந்து தந்தவர்" என்பார். மருமகள் உறையில் பென்சிலால் எழுதுவாள். முப்பத்தெட்டு உறைக்கு இதுவரை பெயரோ ஊரோ கிடைத்திருக்கிறது. இரட்டைப் பின்னல் பிள்ளையின் உறை இன்னும் வெறுமையாக இருக்கிறது, பை முக்கால்வாசி நிறைய இருக்கிறது.